நடந்தே லாசா சென்ற அம்மையார்

எமது சங்கத்துக்கு நூறு வயதாகிறது. இம்மலருக்காக எமது அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றி எழுதப் பலர் முன்வந்திருக்கிறார்கள். நாம் எழுத எடுத்துக்கொண்டவர் எமது கல்லூரியில் படித்தவரும் அல்லர், எமது ஊரவரும் அல்லர். பிரான்ஸ் நாட்டில் பிறந்து, இலங்கை மண்ணையும் மிதித்து, ஐம்பத்தைந்தாவது வயதில் திபெத்தின் தலைநகரான லாசாவைக் கால்நடையாகவே சென்றடைந்த அலெக்சாண்ட்ரா டேவிட் நீல் அம்மையாரே அவர். அவரும் நூறு வயது கண்டவர் என்பதால் நூற்றாண்டு மலரில் அவருக்கு இடம் கொடுப்பது பொருத்தம் என்று நினைக்கிறோம். வேறொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

மட்டக்களப்புப் பெண்களுக்கு நடை புதிதல்ல. கதிர்காமத்து ஆடி விழாவுக்கு வடக்கிலிருந்து வரும் யாத்திரிகர்கள் வெருகல் கடந்து, கதிரவெளி, வாகரை வழியாக எமது பகுதிக்குள் நுழைவார்கள். மாமாங்கத்தில் தங்கி, மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று தெற்கே போய், குமண, யால காடுகளுக்குள் இறங்குவார்கள். எமது வீடுகளிலிருந்தும் அம்மம்மாமாரும் பெரியம்மாமாரும் அவர்களோடு சேர்ந்து போயிருக்கிறார்கள். கச்சான் காற்று நெருப்பாய் வீசும் காலம் அது. குளங்கள் வற்றி, வெறுங்காலில் மணல் சுடும். உகந்தைக்கு அப்பால் ஐந்தாறு நாள் காட்டு வழி. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தாக வேண்டும். அந்த நடையை யாரும் குறை சொன்னதில்லை. ஏனென்றால் அது நேர்த்திக்கடன். கூட்டமாகப் போகும் நடை.

ஒரு பெண் தனியாக, நேர்த்தி எதுவுமில்லாமல், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் நடப்பது வேறு சங்கதி. விடுதியில் இருந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை நடை நினைவிருக்கும். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து, முன்னால் ஒரு ஆசிரியை, பின்னால் ஒரு ஆசிரியை, வாவிக்கரையோரமாகப் போய் வருவோம். வரிசையை விட்டு விலகக் கூடாது. வாவியின் அக்கரையில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களும் எம்மில் இருந்தார்கள். ஆனால் யாரும் விலகவில்லை.

அலெக்சாண்ட்ரா சிறு வயதிலேயே விலகியவர். 1868 ஒக்டோபர் 24ஆம் திகதி பாரிஸ் நகரை அடுத்த சென் மாந்தே என்ற இடத்தில் பிறந்தார். தந்தையார் ஆசிரியத் தொழிலிலும் பத்திரிகைத் தொழிலிலும் இருந்தவர், குடியரசுக் கொள்கைக்காக முன்னர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர். தாயார் பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர். ஒரே பிள்ளை. ஐந்து வயதளவில் பெரிய பூங்காக் காடொன்றில், கூட்டிச் சென்றவரின் கண்ணில் படாமல் தனியே நடந்து போய்விட்டார். தேடிப் பிடித்துத் தூக்கிய காவலாளியை நகத்தால் கீறினாராம். பிறகு குடும்பம் பெல்ஜியத்துக்குக் குடிபெயர்ந்தது. எம்மில் பலரைப் போல அவரும் கன்னியர் மடப் பள்ளியொன்றில் விடுதி மாணவியாகப் படித்தார்.

பதினைந்து வயதளவில், கடற்கரையில் குடும்பத்தோடு விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தபோது, யாருக்கும் சொல்லாமல் ஒல்லாந்து வரை நடந்து போய், அங்கிருந்து கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கையிலிருந்த காசு முடிந்த பிறகே திரும்பினார். பதினேழு வயதில் புகையிரதத்தில் சுவிற்சர்லாந்துக்குப் போய், 2,100 மீற்றருக்கு மேல் உயரமான சென் கொட்டார்ட் கணவாயைத் தன்னந்தனியாக நடந்து கடந்து, இத்தாலிய ஏரிகளின் பக்கம் இறங்கினார். அவர் கையில் கிரேக்க ஞானி எபிக்ரீற்றசின் நூல் ஒன்று இருந்தது. காசு முடிந்ததும் தாயார் போய்க் கூட்டி வந்தார். இந்தப் பயணங்களால் யாருக்கும் எந்த நன்மையும் விளையவில்லை. ஆனால் தம் கால் தம்மை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை அவர் தெரிந்துகொண்டார்.

கால் மட்டும் போதாது என்பதும் விரைவில் அவருக்குப் புரிந்தது. பாரிசிலும் லண்டனிலும் கீழைத்தேய நூல்களைத் தேடிப் படித்தார். சமஸ்கிருதம் படித்தார். ஞானத்தாயார் விட்டுச் சென்ற பணம் கைக்கு வந்ததும், 1890களின் தொடக்கத்தில் இலங்கையிலும் இந்தியாவிலும் பயணம் செய்தார். பணம் தீரத் திரும்ப வேண்டியதாயிற்று. குடும்பத்தின் வருமானமும் குறைந்துவிட்டது. எனவே பாட்டுப் படித்து, இசைநாடக மேடையில் பாடிச் சம்பாதித்தார். வியட்நாமின் ஹனோய் நகர நாடக அரங்கில் முதன்மைப் பாடகியாக இருந்தார். பின்னர் ஆபிரிக்காவின் வடகரையிலுள்ள துனிஸ் நகருக்குப் போனார். அங்கே புகையிரதப் பொறியியலாளரான பிலிப் நீல் என்பவரைச் சந்தித்து 1904இல் திருமணம் செய்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது.

வசதியான வீடு, நல்ல கணவர், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் அந்த வீட்டில் அவருக்கு மூச்சுமுட்டியது. உடம்பும் மனமும் தளர்ந்தன. 1911 ஓகஸ்ட் மாதம், பதினெட்டு மாதத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். முதலில் வந்து இறங்கிய இடம் இலங்கை. பின்னர் தென்னிந்தியாவுக்குப் போய், மதுரையைப் பார்த்து, புதுச்சேரியில் அரவிந்தரைச் சந்தித்து, சென்னை அடையாறில் பிரம்மஞான சபையில் தங்கி, கல்கத்தா போனார். 1912 ஏப்ரலில் கலிம்பொங் என்ற மலை நகரில், அப்போது திபெத்தை விட்டு வந்து தங்கியிருந்த பதின்மூன்றாவது தலாய் லாமாவைக் கண்டார். ஒரு மேலைநாட்டுப் பெண் பௌத்த நூல்களை இவ்வளவு அறிந்திருப்பதைக் கண்டு வியந்த தலாய் லாமா, திபெத்திய மொழியைப் படிக்கும்படி அறிவுரை சொன்னார். அந்த அறிவுரைதான் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவரை லாசாவுக்குள் கொண்டு சேர்த்தது என்று சொல்லலாம்.

சிக்கிம் நாட்டு மலைகளில், லாச்சென் என்ற இடத்துத் துறவி ஒருவரிடம் சிஷ்யையாகச் சேர்ந்தார். 1914 முதல் 1916 வரை ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரத்தில் ஒரு குகையை வீடாக்கிக்கொண்டு, மொழியையும் தியானத்தையும் கற்றார். கடுங்குளிரில் மூச்சுப் பயிற்சியால் உடற்சூட்டை உண்டாக்கும் வித்தையையும் அங்கேதான் கற்றதாகப் பின்னாளில் எழுதினார். யொங்டென் என்ற சிக்கிம் நாட்டுப் பையன், அப்போது பதினைந்து வயது, அவரிடம் வேலைக்கு வந்து சேர்ந்தான். பிறகு அவன் அவரைப் பிரியவே இல்லை.

1916இல் அனுமதி இல்லாமல் எல்லையைக் கடந்து திபெத்தின் சிகாட்சே நகருக்குப் போய், பஞ்சென் லாமாவைப் பார்த்து வந்தார். அங்கே அவருக்கு நல்ல வரவேற்பு. திரும்பி வந்தபோது பிரித்தானிய அதிகாரிகள் அவரைச் சிக்கிமை விட்டு வெளியேற்றினார்கள். திபெத்துக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த அதிகாரிகளுக்கு யார் கொடுத்தது என்ற கோபம் அவருக்குள் தங்கிவிட்டது. லாசாவுக்குப் போயே தீருவது என்ற வைராக்கியம் அந்தக் கோபத்தில் பிறந்தது.

தெற்கு வாசல் அடைபட்டதால் ஆசியாவையே சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலுக்குப் போனார். பர்மா, ஜப்பான், கொரியா, பீக்கிங் என்று போய், கும்பும் என்ற பெரிய மடாலயத்தில் மூன்று ஆண்டுகள் அளவில் தங்கி நூல்களை மொழிபெயர்த்தார். அங்கிருந்து புறப்பட்டு மலையும் பாலைவனமும் அலைந்தார். பல தடவை முயன்றார், பல தடவை அடையாளம் கண்டு திருப்பி அனுப்பப்பட்டார். கோவேறு கழுதைகளும் வேலையாட்களும் பெட்டிகளுமாகப் போனால் ஒரு வெளிநாட்டுச் சீமாட்டியை எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த உண்மையை ஒவ்வொரு தோல்வியும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. எனவே கடைசியில் எல்லாவற்றையும் விட்டார்.

1923 ஒக்டோபர் இறுதியில், சீனாவின் யுன்னான் மாகாணத்து எல்லையிலிருந்து இரண்டு பேர் நடக்கத் தொடங்கினார்கள். ஒருவர் இளம் லாமா. மற்றவர் அவருடைய வயதான தாய், பிச்சை எடுத்துக்கொண்டு தலயாத்திரை போகிறவர். தலைமயிரில் சீன மை பூசி, யாக் மாட்டு மயிரால் சடை பின்னி, முகத்தில் கொக்கோத் தூளும் கரித்தூளும் கலந்து அப்பியிருந்தார் அலெக்சாண்ட்ரா. முதுகில் ஒரு சமையற் பாத்திரம், கிண்ணம், கரண்டி, மெல்லிய சிறு கூடாரம், வறுத்த வாற்கோதுமை மா, வெண்ணெய், தேயிலை. உடுப்புக்குள் மறைத்து ஒரு கைத்துப்பாக்கி, திசைகாட்டி, கொஞ்சம் பொன், வெள்ளிக்காசு. மாற்றுடுப்போ கம்பளியோ இல்லை.

தொடக்க நாட்களில் இரவில் நடந்து பகலில் காட்டுக்குள் படுத்துறங்கினார்கள். பழகிய பிறகு பகலிலும் நடந்தார்கள். ஊருக்குள் போனால் யொங்டென் சாத்திரம் சொல்வார். காணாமற்போன மாடு எங்கே நிற்கிறது, நோயாளி பிழைப்பாரா என்று ஊரார் வந்து கேட்பார்கள். தாயார் ஒரு மூலையில் குந்தியிருந்து கிடைத்ததைச் சாப்பிடுவார். ஒருமுறை சமையற் பாத்திரத்தில் வேலை செய்தபோது கையில் இருந்த கறுப்புக் கழன்று வெள்ளைத் தோல் தெரிந்துவிட்டது. அன்றுமுதல் பானையடிக் கரியே அவருக்குப் பவுடர் ஆயிற்று. பள்ளத்தாக்கு ஆறொன்றைக் கயிற்றில் தொங்கியபடி கடக்கும்போது, நட்டாற்றுக்கு மேலே இழுகயிறு அறுந்து, ஒரு திபெத்தியப் பெண்ணோடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். கரையிலிருந்தவர்கள் கயிற்றைச் சரிப்படுத்தும் வரை கீழே பார்க்காமல் இருப்பதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றுமிருக்கவில்லை.

கச்சான் வெயிலில் காட்டு வழி போகும் எமது யாத்திரிகருக்குத் தண்ணீர் எப்படியோ, அந்தப் பனிமலையில் அவருக்கு நெருப்பு அப்படி. போ நாட்டுக்குள் இறங்கும் உயர்ந்த கணவாய்ப் பகுதியில் பனி கொட்டி வழி மூடிப்போனது. யொங்டென் பள்ளத்தில் விழுந்து கால் சுளுக்கி நடக்க முடியாமற் போனார். நெருப்பு மூட்டும் கல் நனைந்துவிட்டது. குகையில் கற்ற மூச்சுப் பயிற்சியால் உடலைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் கல்லை உலர்த்தி நெருப்பு மூட்டியதாக அவர் எழுதியிருக்கிறார். உணவு முடிந்தபோது, சப்பாத்துக்குப் பூச வைத்திருந்த பன்றிக் கொழுப்பையும் சப்பாத்துத் தைக்க வைத்திருந்த தோல் துண்டுகளையும் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள்.

நான்கு மாத நடைக்குப் பின், 1924 பெப்ரவரி அளவில், லாசா வந்தது. நகரை நெருங்கும்போது பெரும் புழுதிக் காற்று எழுந்து எல்லோர் கண்ணையும் மறைத்ததாம். புத்தாண்டு விழாக் கூட்டத்தில் தங்குவதற்கு இடம் தேடித் திரியவேண்டியிருக்கும் என்று பயந்தவர்களிடம், முன்பின் அறியாத ஒரு பெண் தானாகவே வந்து, ஏழைகள் குடியிருந்த ஒரு குடிசைத் தொகுதியில் அறையொன்றைக் காட்டிவிட்டுப் போனாள். இரண்டு மாதங்கள் அங்கேயே இருந்தார்கள். யாத்திரிகர் கூட்டத்தோடு பொத்தலா மாளிகைக்குள் ஏறிப் பார்த்தார்கள். லாசாவைக் கண்ட முதல் ஐரோப்பியப் பெண் அவரே. தெற்கு நோக்கி நடந்து கியாங்சே நகரத்தை அடைந்து, அங்கிருந்த பிரித்தானிய அதிகாரியிடம் தாம் யார் என்று சொன்னபோதுதான் உலகத்துக்கு விசயம் தெரிந்தது. எமது வாவியின் மீது கல்லடிப் பாலம் கட்டி முடிக்கப்பட்டதும் அதே 1924ஆம் ஆண்டில்தான்.

1925 மே மாதம் பிரான்சுக்குத் திரும்பினார். பதினெட்டு மாதம் என்று சொன்னது பதினான்கு ஆண்டுகளாகியிருந்தது. 1927இல் அவரது லாசாப் பயண நூல் வெளிவந்து பல மொழிகளில் பரவியது. தென் பிரான்சின் டீஞ் என்ற சிற்றூரில் வீடு வாங்கி, தியானக் கோட்டை என்று பொருள்படும் திபெத்தியப் பெயரை அதற்குச் சூட்டினார். அறுபத்தெட்டாவது வயதில், 1937இல், மறுபடியும் சீனாவுக்குப் போனார். யுத்தத்தில் அகப்பட்டுத் திரும்ப முடியாமல் 1946 வரை அங்கேயே இருந்தார். நூறு வயதான பின் தமது கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்படி கேட்டு வாங்கினார். 1969 செப்டெம்பர் 8ஆம் திகதி காலமானார். 1973இல் அவரது அஸ்தி காசியில் கங்கையில் கரைக்கப்பட்டது. அவர் லாசாவுக்குப் போகவே இல்லை என்று வாதிட்டும் அவர் மறைந்த பின் ஒரு நூல் வெளிவந்தது. பொத்தலா முன்னிலையில் அவர் அமர்ந்திருக்கும் புகைப்படமும், வழிநெடுக எழுதிய கடிதங்களும் அதற்குப் பதில் சொல்லின.

இதுவரை சொன்னது பலரும் அறிந்த கதை. இனி நாம் இவரைத் தெரிந்தெடுத்த மற்றக் காரணத்துக்கு வருகிறோம்.

தனியாக நடந்த பெண் என்று அவரை உலகம் போற்றுகிறது. கொட்டார்ட் கணவாயில் அவர் உண்மையிலேயே தனியாக இருந்தார், ஆனால் காசு முடிந்ததும் திரும்ப வேண்டியிருந்தது. லாசாவுக்குப் போனபோது அவர் தனியாக இருக்கவில்லை. பக்கத்தில் யொங்டென் நடந்தார். பிச்சை கேட்டது அவர், சாத்திரம் சொன்னது அவர், கால் சுளுக்கியது அவருக்கு. அலெக்சாண்ட்ரா அவரைச் சட்டப்படி மகனாகத் தத்தெடுத்தார். ஆனால் நூல்களின் அட்டையில் தாயின் பெயர்தான் பெரிதாக நின்றது. 1955இல், தாயாருக்கு முன்பே, அந்நிய நாட்டுக் குளிரில் அவர் இறந்துபோனார். இன்று அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

இன்னொருவர் வெகுதூரத்தில் இருந்தார். பிலிப் நீல் ஒரு நாளும் இமயமலையைக் கண்டவரல்லர். மனைவியின் பயணத்துக்குப் பணம் அனுப்பினார். ஒரு கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும். குகையிலிருந்தும் மடாலயத்திலிருந்தும் மனைவி எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அந்தக் கடிதங்கள் பின்னர் நூலாகி, இன்று அவரது வாழ்க்கையை அறிய எமக்கு உதவுகின்றன. பதினான்கு ஆண்டுகளின் பின் சந்தித்தபோது இருவருக்கும் சேர்ந்து வாழ முடியவில்லை, சில நாட்களில் பிரிந்தார்கள். ஆனால் கடிதம் நிற்கவில்லை. 1941இல் பிலிப் இறந்த செய்தி சீனாவிலிருந்த அவருக்குத் தந்தியில் வந்தது. உற்ற நண்பனை இழந்துவிட்டதாக அவர் வருந்தினார். கடைசி நேரத்தில் அருகில் இல்லாத துக்கம் அவருக்கும் இருந்தது. இதை மூடி மறைத்து அவரைப் புகழ்வது சரியல்ல. அவர் மனைவி என்ற கடமையை விட்டார் என்று ஏசுகிறவர்கள் உண்டு. ஊரைவிட்டு ஆண்டுக்கணக்கில் போன ஆண்களை, அவர்கள் கண்டு வந்த நாடுகளுக்காக நாம் பாடப் புத்தகத்தில் படித்தோம். அவர்களின் மனைவிமார் எப்படி இருந்தார்கள் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

எமது பழைய மாணவிகள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். படிக்கப் போனவர்கள், தாதியராய்ப் போனவர்கள், கலியாணம் கட்டிப் போனவர்கள், யுத்த காலத்தில் ஒரு பையோடு புறப்பட்டவர்கள். தோணியில் ஆற்றைக் கடந்து, இரவில் நடந்து, முன்பின் தெரியாத நாட்டில் இறங்கியவர்கள் எம்மிடையே உண்டு. நிறத்தையும் பேச்சையும் மறைத்துச் சோதனைச் சாவடி கடப்பது எப்படி என்று அவர்களுக்கு லாசாப் பயண நூல் சொல்லித்தரத் தேவையில்லை. அவர்களைத் தனியாளாகப் போய் வென்றவர்கள் என்று நாம் மேடையில் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு பிலிப், ஒரு யொங்டென் இருந்தார்கள். காப்பை அடகு வைத்துப் பயணச் சீட்டு எடுத்துக் கொடுத்த அம்மா. தன் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்ட தங்கை. ஆங்கிலக் கடிதத்தை இரவிரவாகத் திருத்தித் தந்த ஆசிரியை. போனவரின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்த அக்கா. இவர்களில் பலர் வாவிக்கரையை விட்டு எங்கும் போகவில்லை. போக விரும்பாமல் இருந்தார்களா, போக முடியாமல் இருந்தார்களா என்று நாம் கேட்டதும் இல்லை.

நூறு ஆண்டு அறிக்கைகளைப் புரட்டினால் போனவர்களின் பட்டம், பதவி, வாழும் நாடு எல்லாம் இருக்கின்றன. அனுப்பியவர்களின் பெயர் இல்லை. ஆகவே, இம்மலரை எங்கிருந்து வாசித்தாலும், உங்களை வழியனுப்பியவர் யார், அவர் என்ன கொடுத்தார் என்று ஒரு பக்கம் எழுதி எமது சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். ஊரிலேயே இருந்தவர்கள், தாம் யாரை அனுப்பினோம் என்றும், தமக்குப் போக ஆசை இருந்ததா என்றும் எழுதுங்கள். வருகிற ஒவ்வொரு பக்கத்தையும் சேர்த்துக் கட்டிக் கல்லூரி நூலகத்தில் வைப்போம். அவர்கள் உயிரோடு இருந்தால், எங்களுக்கு எழுதுவதற்கு முன் அவர்களுக்கு எழுதுங்கள்.